பேருக்கு இயக்குநர்: ஒரு கையெழுத்தின் வரலாறு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கடைசியில் 'செண்டிரியான் பெர்ஹாட்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் போனால் அதுவே 'பிரைவேட் லிமிடெட்' ஆகிவிடும். பலர் இதை ஓர் அந்தஸ்தாகக் கருதுகிறார்கள். சாதாரணக் கடை 'கம்பெனி' ஆகிவிட்டது என்பதில் ஒரு பெருமை.

உண்மையில் அந்தச் சொல் ஓர் எச்சரிக்கைப் பலகை ஆகும். 'பெர்ஹாட்' என்றாலும் 'லிமிடெட்' என்றாலும் பொருள் ஒன்றுதான்: வரையறுக்கப்பட்டது. இந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர், நிறுவனத்திடம் இருப்பதைத்தான் கேட்கலாம். பங்குதாரரின் வீட்டையும் நகையையும் கேட்க முடியாது என்பதே அதன் அர்த்தம்.

இவ்வளவு பெரிய சலுகையைச் சட்டம் இலவசமாகக் கொடுக்குமா? கொடுக்கவில்லை. அதற்கு ஈடாகக் கேட்டதுதான் பதிவு, கணக்கு, தணிக்கை, ஆண்டுதோறும் படிவம், இவை அனைத்துக்கும் கீழே ஓர் இயக்குநரின் கையெழுத்து. மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது இரண்டு இயக்குநர்களைக் கேட்டது. அதனால் "பேருக்கு ஒரு டைரக்டர் வேணும், சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று மனைவியையும் மைத்துனரையும் அழைத்துக் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிப் போனது. அந்தச் 'சும்மா' கையெழுத்தின் எடை காலத்துக்குக் காலம் எப்படிக் கூடி வந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்வது, கையெழுத்துப் போடும் எவருக்கும் நல்லது.

விலாசமும் கிட்டங்கியும்

கம்பெனி முறை பரவுவதற்கு முன்பு வணிகம் மனிதரின் பெயரில் நடந்தது. பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விலாசம்' என்ற அடையாளத்தில் வரவு செலவு செய்தார்கள். விலாசத்தின் நாணயம் குடும்பத்தின் நாணயம். கடன் பெருகினால் கடையோடு நிற்காது. ஊரில் உள்ள வீடு, நிலம் வரை வரும். பொறுப்புக்கு எல்லை இல்லை என்பதால் அதைக் கண்காணிக்கத் தனிச் சட்டமும் அதிகம் தேவைப்படவில்லை. சொந்தச் சொத்து பணயத்தில் இருக்கும்போது மனிதர் தானாகவே கணக்கைப் பார்ப்பார் அல்லவா?

மறுபக்கம், மன்னரின் சாசனம் பெற்ற கம்பெனிகள் இருந்தன. 1600 டிசம்பர் 31-ஆம் நாள் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றில் ஒன்று. 1786-இல் பினாங்கில் ஃபிரான்சிஸ் லைட்டும் 1819-இல் சிங்கப்பூரில் ராஃபிள்சும் கால் பதித்தது அந்தக் கம்பெனியின் சார்பில்தான். இந்த இரண்டு துறைமுகங்களும் ஒரு கம்பெனியின் கையால் வளர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

வெடித்த நீர்க்குமிழி

இயக்குநர் என்ற பதவியின் மீது முதன்முதலில் பெரும் கோபம் பாய்ந்தது 1720-இல். லண்டனின் தென்கடல் கம்பெனிப் பங்கு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 130 பவுனுக்கும் குறைவாக இருந்தது. கோடைக்காலத்தில் ஏறத்தாழ 1,000 பவுனைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் சரிந்து விழுந்தது. புவியீர்ப்பு விதியைக் கண்ட ஐசக் நியூட்டனே அதில் பணத்தை இழந்தவர்களில் ஒருவர்.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1721-இல் அந்த இயக்குநர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து, ஏமாந்தவர்களுக்கு நிவாரணமாக்கியது. 1720 ஜூனில், சரிவுக்கு முன்பே நிறைவேறியிருந்த 'குமிழிச் சட்டம்', சாசனம் இல்லாமல் கூட்டுப் பங்குக் கம்பெனி தொடங்குவதைத் தடுத்தது. அந்தத் தடை 1825 வரை நீடித்தது.

'லிமிடெட்' பிறந்த கதை

ரயில், நிலக்கரி, நீராவி என்று தொழில் பெருகியபோது ஒரு குடும்பத்தின் முதல் போதவில்லை. 1844-இல், வர்த்தக வாரியத் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் புதிய வழியைத் திறந்தது. மன்னரின் சாசனம் தேவையில்லை. பதிவாளரிடம் பதிந்தால் கம்பெனி பிறந்துவிடும். ஆனால் யார் நடத்துகிறார்கள், எங்கே நடத்துகிறார்கள் என்பதை உலகம் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். திருட்டுக் கம்பெனிகளை வெளிச்சத்தால் விரட்டலாம் என்பதே அந்தச் சட்டத்தின் நம்பிக்கை.

1855-இல் வரையறுக்கப்பட்ட பொறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு ராபர்ட் லோ கொண்டுவந்த சட்டம், 7 பேர் சேர்ந்தால் கம்பெனி அமைக்கலாம் என்றது. பெயரின் கடைசியில் 'லிமிடெட்' என்ற சொல் கட்டாயம் ஆனது. கடன் கொடுப்பவர் கண்ணைத் திறந்துகொண்டு கொடுக்கட்டும் என்பதற்காகவே அந்தச் சொல். இன்றைய 'பெர்ஹாட்' அதன் பேரப்பிள்ளை எனலாம்.

கிளாஸ்கோவில் மூடிய கதவு

வெளிச்சம் என்பது உண்மையான கணக்காக இருந்தால்தான் பயன். இதை ஸ்காட்லாந்து மக்கள் கண்ணீரோடு கற்றார்கள். 1878 அக்டோபர் 2-ஆம் நாள் கிளாஸ்கோ நகர வங்கி கதவை மூடியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் 12 விழுக்காடு லாபப் பங்கு அறிவித்திருந்தது! கணக்கறிக்கைகள் பொய்யானவை, கையிருப்புத் தங்கம் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது.

அந்த வங்கிக்கு வரையறுக்கப்பட்ட பொறுப்பு கிடையாது. எனவே முழுக் கடனும் பங்குதாரர்களின் தலையில் விழுந்தது. 1,819 பங்குதாரர்களில் 254 பேர் மட்டுமே நொடித்துப் போகாமல் தப்பினார்கள். இயக்குநர்கள் 6 பேரும் மேலாளரும் சிறைக்குப் போனார்கள். 1879-இல் வந்த சட்டம், புதிதாக லிமிடெட்டாகப் பதியும் வங்கிகளுக்கு ஆண்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. இன்று ஒரு தணிக்கையாளர் கேட்கும் கேள்விகள் தொல்லையாகத் தோன்றலாம். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இப்படி அழிந்த குடும்பங்கள் நிற்கின்றன.

ஆறு மாதக் குழந்தை தலைவர்

பொய் சொன்னவர்களைச் சட்டம் தண்டித்தது. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களை? அங்கே நீதிமன்றங்கள் வெகுகாலம் தாராளமாகவே இருந்தன.

கார்டிஃப் சேமிப்பு வங்கியின் தலைவர் பதவி, பியூட் பிரபுவுக்குத் தந்தை வழியாக வந்தது. அப்போது அவருக்கு வயது 6 மாதம். வளர்ந்த பிறகும் வாழ்நாளில் ஒரே ஒரு நிர்வாகக் கூட்டத்துக்குத்தான் போனார். 1886-இல் வங்கி விழுந்தது. 1892-இல் நீதிமன்றம் அவர் பொறுப்பாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. கூட்டத்துக்கு வராதவருக்குக் கூட்டத்தில் நடந்தது எப்படித் தெரியும் என்பதே வாதம்!

இன்னொரு வழக்கு, 1911-இல் வந்த பிரேசில் ரப்பர் தோட்டக் கம்பெனி வழக்கு. இயக்குநர்களில் ஒருவர் வணிகமே அறியாத பிரபு. இன்னொருவர் 75 வயதான, காது கேளாத முதியவர். பொய்யான அறிக்கையை நம்பித் தோட்டம் வாங்கினார்கள், பணம் போனது. கவனக்குறைவுக்காக அவர்களைப் பொறுப்பாக்க நீதிமன்றம் மறுத்தது. 1925-இல் வந்த சிட்டி ஈக்விட்டபிள் காப்புறுதிக் கம்பெனி வழக்கிலும் இதே அளவுகோல் நின்றது: அவரவருக்கு உள்ள அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்பத்தான் ஒருவரிடம் திறமையை எதிர்பார்க்கலாம். அதாவது, அறியாமையே ஒரு கேடயமாக இருந்தது.

இந்த இடைக்காலத்தில்தான் ஏரன் சாலமன் என்ற காலணி வணிகரின் வழக்கு வந்தது. லண்டனில் தம் சொந்தத் தொழிலை அவர் 1892-இல் கம்பெனி ஆக்கினார். மொத்தம் 20,007 பங்குகள். மனைவிக்கும் 5 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. மற்ற 20,001-ம் அவருடையவை. அடுத்த ஆண்டே கம்பெனி விழுந்தது. கடனைச் சாலமன்தான் கட்ட வேண்டும் என்றன கீழ் நீதிமன்றங்கள். 1896-இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. முறைப்படி பதிவான கம்பெனி தனி ஒரு ஆள். அதன் கடன் அதன் கடன், சாலமனின் கடன் அல்ல என்றது. உலகமெங்கும் இன்றுள்ள குடும்பக் கம்பெனிகள் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் வாழ்கின்றன. ஆனால் அது காத்தது சாலமன் என்ற பங்குதாரரை. இயக்குநரின் கடமை வேறு கதை. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்தான் பின்னாளில் சிக்கினார்கள்.

பால்மரக் காட்டுக்கு வந்த சட்டம்

இந்தச் சட்டம் மலாயாவுக்கு வந்த பாதை இந்தியா வழியாகும். இந்தியாவின் 1866-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் நீரிணைக் குடியேற்றங்களில் நடப்பில் இருந்தது. 1889-இல் அதன் இடத்தில் சொந்தச் சட்டம் வந்தது. தஞ்சோங் பகார் துறைமுகக் கம்பெனி 1864-லும், ஈய வணிகத்தில் பெயர் பெற்ற ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1887-லும் இங்கே தோன்றியவை.

பிறகு ரப்பர் வந்தது. 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் விலை போனது. மலாயாத் தோட்டங்களுக்காக லண்டனில் கம்பெனிகள் வரிசையாகப் பதிவாயின. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் தமிழர்கள். அவர்களுக்குக் 'கம்பெனி' என்றால் கிராணியும் துரையும்தான். உண்மையான கம்பெனியோ கடல் கடந்து இருந்தது. அங்கே இயக்குநர்கள் கூடிக் கையெழுத்திட்டார்கள். நிர்வாகத்தையும் பல கம்பெனிகளின் செயலாளர் வேலையையும் கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற முகவர் நிறுவனங்கள் பார்த்தன. எல்லாவற்றையும் செயலாளர் பார்த்துக்கொள்வார், இயக்குநர் கையெழுத்திட்டால் போதும் என்ற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆஸ்திரேலியா வழியாக ஒரு திருப்பம்

விடுதலைக்குப் பின்னும் 1940-ஆம் ஆண்டின் பழைய சட்டமே தீபகற்பத்தில் ஓடியது. சபாவிலும் சரவாக்கிலும் வேறு சட்டங்கள். மலேசியா உருவான பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கும் தேவை எழுந்தது. அப்போது சட்டம் வரைந்தவர்கள் இங்கிலாந்தை மட்டும் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961-இல் இயற்றிய சட்டத்தைப் பெரிதும் பின்பற்றினார்கள். இப்படிப் பிறந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம் 1966 ஏப்ரல் 15-இல் நடப்புக்கு வந்தது. பிரிந்து சென்ற சிங்கப்பூரும் அதையே அடியொற்றி 1967-இல் தன் சட்டத்தை இயற்றியது.

அந்தத் திருப்பத்தில் முக்கியமான ஒரு வரி கூடவே வந்தது. இயக்குநர் நேர்மையாகவும் நியாயமான விடாமுயற்சியோடும் கடமை ஆற்ற வேண்டும் என்று சட்டமே எழுதி வைத்தது. மலேசியாவில் அது 132-ஆவது பிரிவு. சிங்கப்பூரில் 157-ஆவது பிரிவு. தவறினால் நட்ட ஈடு மட்டுமல்ல, குற்றமும் ஆகும். பியூட் பிரபுவின் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு அது முதல் அறிவிப்பு.

எழுத்தில் இருந்தது நடைமுறையில் வர நாளாயிற்று. 1985-இல் சிங்கப்பூரின் பான்-எலக்ட்ரிக் நிறுவனம் நொடித்து விழுந்தது. முன்கூட்டியே பேசி வைக்கும் பங்கு ஒப்பந்தங்களில் அது ஆழமாகச் சிக்கியிருந்தது. டிசம்பர் 2 முதல் 4 வரை, மூன்று நாள்கள், சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகள் இரண்டுமே மூடப்பட்டன. ஒரு கம்பெனியின் அறையில் நடப்பது அந்த அறையோடு நிற்காது என்பதை இரு நாடுகளும் அன்று உணர்ந்தன.

படிக்காமல் போட்ட கையெழுத்து

2011-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு தீர்ப்பு இயக்குநர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. சென்ட்ரோ என்ற பேரங்காடி நிறுவனத்தின் கணக்கறிக்கையில், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய ஏறத்தாழ 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன், நீண்ட காலக் கடன் என்ற தலைப்பின் கீழ் போயிருந்தது. இயக்குநர்கள் நேர்மையானவர்கள், படித்தவர்கள். பெயர் பெற்ற தணிக்கை நிறுவனமும் பார்த்த கணக்கு அது. ஆனாலும் அவர்கள் கடமை தவறினார்கள் என்றது நீதிமன்றம். கணக்கறிக்கையை இயக்குநர் தாமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையை வேறொருவரிடம் தள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

2017-இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றமும் இதே திசையில் பேசியது. வெளிநாட்டினர் நடத்திய கம்பெனிகளுக்கு உள்ளூர் இயக்குநராகப் பெயர் கொடுத்தவர் ஒருவரின் வழக்கு அது. கம்பெனியின் வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனது. அவர் கண்காணிக்கவில்லை. கண்காணிக்காமல் விட்டதே குற்றம் ஆயிற்று. பிரபு தப்பித்த அதே வாசல், பெயர் கொடுத்தவருக்கு மூடிக்கொண்டது.

இன்று சட்டம் கேட்பது

மலேசியாவில் 2002 ஏப்ரல் 16-இல் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம் தொடங்கியது. சிங்கப்பூரில் 2004-இல் அக்ரா வந்தது. மலேசியாவில் 2007-இல் செய்த திருத்தம், அறியாமை என்ற கேடயத்தை உடைத்தது. அதன்படி, அந்தப் பொறுப்பில் உள்ள இயக்குநரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அறிவே அளவுகோல். ஒருவருக்கு அதைவிடக் கூடுதல் அனுபவம் இருந்தால் அதுவும் சேரும்.

2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2017 ஜனவரி 31-இல் நடப்புக்கு வந்தது. தனியார் கம்பெனிக்கு இனி ஓர் இயக்குநர் போதும். ஆண்டுப் பொதுக்கூட்டமும் கட்டாயமில்லை. பேருக்கு ஆள் தேடும் அவசியமே போய்விட்டது. ஆனால் கடமை குறையவில்லை. கம்பெனி பதிவான 30 நாளுக்குள் செயலாளரை நியமிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பதிவு நாள் திரும்பி வந்ததிலிருந்து 30 நாளுக்குள் ஆண்டு விவரப் படிவம் போக வேண்டும். கணக்கறிக்கை, நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் பங்குதாரர்களுக்கும், அதன்பின் 30 நாளுக்குள் ஆணையத்துக்கும் சேர வேண்டும். இயக்குநர் மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். லாபப் பங்கு கொடுப்பதற்கு முன், அடுத்த 12 மாதக் கடன்களைக் கட்ட முடியுமா என்று இயக்குநர்கள் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், பங்கு யார் பெயரில் இருந்தாலும் கம்பெனியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்டனையைப் பார்த்தால் காலம் மாறியது புரியும். இயக்குநர் கடமை தவறினால் பழைய சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை அல்லது 30,000 வெள்ளி வரை அபராதம். புதிய சட்டத்தில் சிறை அதே 5 ஆண்டு. அபராதமோ 30 லட்சம் வெள்ளி வரை, அல்லது இரண்டும். நூறு மடங்கு உயர்வு!

நிறுவனச் சட்டத்துக்கு வெளியிலும் பொறி உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த சேமநிதிச் சந்தாவைக் கம்பெனி கட்டவில்லை என்றால், 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் அந்தக் காலத்தில் இருந்த இயக்குநர்களைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் பொறுப்பாக்குகிறது. அங்கே 'பெர்ஹாட்' என்ற சொல் கைகொடுக்காது. கடை நடத்தியவர் தலைமறைவானால், கையெழுத்து மட்டும் போட்டவரின் வீட்டுக்குத்தான் கடிதம் வரும். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதமும் எழுதிக் கொடுத்திருந்தால் சாலமன் வழக்கின் பாதுகாப்பைத் தாமே விட்டுக்கொடுத்ததாகும்.

உறவுக்காகப் பெயர் கொடுத்தவர்கள் பயந்து ஓட வேண்டியதில்லை. செய்யக்கூடியவை எளியவை. எஸ்.எஸ்.எம்.-இல் சிறு கட்டணம் செலுத்தினால், எந்தக் கம்பெனியின் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இயக்குநருக்குக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை உண்டு. கேட்பது அவமரியாதை ஆகாது. கணக்கறிக்கையில் கடன் எவ்வளவு, அது எப்போது கட்ட வேண்டியது, சேமநிதியும் வரியும் கட்டப்பட்டனவா என்ற மூன்று கேள்விகளுக்காவது விடை தெரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். பொறுப்பு ஏற்க முடியாதவர்கள் எழுத்து மூலம் விலகி, அந்த விலகல் பதிவேட்டில் ஏறியதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே இயக்குநராக இருப்பவர் மட்டும், தம் இடத்துக்கு வேறொருவர் வரும் வரை விலக முடியாது.

வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது போட்ட முதலுக்கு மட்டும் சட்டம் கட்டிக் கொடுத்த வேலி. கையெழுத்துக்கு அப்படி ஒரு வேலியைச் சட்டம் எந்தக் காலத்திலும் கட்டித் தரவில்லை.